சுண்டு காலடியில் வைத்த ஒரு வாய்

அந்தக் காலத்தில், நாய்க்கும் மனிதருக்கும் நடுவில் குரைப்பு கிடையாது, பேச்சுத்தான். ஆடும் பேசியது, காகமும் பேசியது. ஆனால் வாயாடுவதில் முதலிடம் நாய்க்குத்தான். சாப்பாட்டு வேளையில் மட்டும் எந்த நாயும் ஒரு வார்த்தை பேசாது. கல்தொட்டியில் எதை ஊற்றினாலும், முகராமல், பார்க்காமல், தலையைக் கவிழ்த்து நக்கி முடித்துவிட்டுத்தான் நிமிரும்.

ஆற்றோரத்து மேடு ஒன்றில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர்களில் மரிக்கொழுந்து என்று ஒரு இளம்பெண் இருந்தாள். தலைப்பிள்ளைக்காரி. பிள்ளை தும்மினால் அவளுக்குப் பயம். தும்மாமல் கிடந்தாலும் பயம். தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பிள்ளைக்கு மாயன் என்று பேர். பல் இன்னும் முளைக்கவில்லை.

அவள் குடிசையில்தான் சுண்டு என்ற நாயும் இருந்தது. ஒரே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகளெல்லாம் கன்றுக்குட்டி போல வளர்ந்து கிடை காவலுக்குப் போய்விட்டன. சுண்டு மட்டும் வளரவேயில்லை. ஒரு சோற்றுச் சட்டிக்குள் சுருண்டு படுத்தால் மேலே மூடி போடலாம், அவ்வளவுதான் ஆள்.

தொட்டிப் பக்கம் போனால் பெரிய நாய்களின் காலடியில் நசுங்கிப்போகும். "எலிப்பயலே, தள்ளு!" என்று செவலை என்ற நாய் மூக்காலேயே தூக்கி எறியும். அதனால் மரிக்கொழுந்து அதற்குத் தனியாகக் கொட்டாங்குச்சியில் வைத்தாள். வைத்தால் மட்டும் போதுமா?

கம்பங்கூழை வைத்தாள். "மேலண்ணத்துல ஒட்டுது ஆத்தா" என்றது. ஆட்டெலும்பைப் போட்டாள். பொழுது சாய்கிறவரை அதற்குக் காவல் இருந்ததே தவிர, கடிக்க முடியவில்லை. மீனை வைத்தாள். "நாத்தம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலைக் குடித்து வயிறு கழிந்து துவண்டு கிடந்தது.

அவளுடைய ஓரகத்தி இருளாயி, அதாவது புருஷனின் அண்ணன் பெண்டாட்டி, இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். "ஏ புள்ள, நாய்க்குச் சமைக்கிறியா, மாப்பிள்ளை விருந்து வைக்கிறியா?"

"சின்ன வயிறுக்கா. பாவம், சொல்லத் தெரியுது, சாப்பிடத் தெரியல."

கடைசியில் ஒரு நாள் அதை மடியில் போட்டு வாயைத் திறந்து பார்த்தாள். பற்கள் அரிசி நொய் மாதிரி இருந்தன. வயிறு ஒரு தென்னங்குரும்பை அளவு. இந்த வயிற்றுக்கு ஒரேயடியாய் ஊற்றினால் எப்படித் தாங்கும் என்று அப்போதுதான் உறைத்தது. உலர்ந்த பழைய சாமையைக் குழைய வேகவைத்து, காடைக்கறி கிடைத்தால் நாராய்ப் பிய்த்துப் போட்டு, உப்பில்லாமல், காரமில்லாமல், கை பொறுக்கிற சூட்டில், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வைத்தாள். சுண்டு தின்றது. தின்றுவிட்டு, "நேத்தைக்கு இன்னும் கொஞ்சம் குழைஞ்சிருந்துச்சு" என்றும் சொன்னது. ஆனாலும் தின்றது.

அன்றைக்கே ஒரு கலயம் நிறையப் பழைய சாமையை அதற்கென்று ஒதுக்கி, அடுப்புப் புகை படும்படி உறியில் தொங்கவிட்டாள்.

ஒதுக்கினாள் என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கிடைக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நாய்க்கென்று ஒதுக்கியது நாய்க்கே. அதிலிருந்து ஒரு பருக்கை மனிதர் வாய்க்குத் திரும்பினாலும் காவல் கழன்றுவிடும், அந்த வீட்டுப் பிள்ளையை ஓநாய் கொண்டுபோகும் என்று நம்பினார்கள். நாயிடம் கேட்டு வாங்குவதும் எடுத்துத் தின்றதற்குச் சமம். நாயாக மனம் வைத்துக் கொடுத்தால் மட்டும் குற்றமில்லை. எந்த நாய் கொடுக்கப்போகிறது? அதனால் அந்தக் கடைசி விலக்கு வழக்கொழிந்தே போயிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மரிக்கொழுந்தின் புருஷனும் மற்ற ஆண்களும் ஆடுகளை அக்கரையில் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். செவலையையும் இன்னும் சில பெரிய நாய்களையும் பெண்களுக்குத் துணையாக விட்டிருந்தார்கள். ஆறு இரு கரையும் புரண்டு மேட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டது. போனவர்கள் திரும்ப வழியில்லை. மற்ற குடிசைக்காரர்கள் முன்கூட்டியே உறவுமுறை வீடுகளுக்குப் போய்விட்டதால், மேட்டில் மிஞ்சியது இரண்டு பெண்களும் ஒரு பிள்ளையும் நாய்களும்தான்.

தானியக் குதிரில் தண்ணீர் இறங்கி, இருந்ததெல்லாம் அழுகிப்போயிற்று. கீரையும் கிழங்குமாய்க் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அதுவும் இல்லை. தாய்க்குச் சோறில்லாமல் பிள்ளைக்கு எங்கிருந்து பால்? மாயன் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுவான். மரிக்கொழுந்தும் கூடவே அழுவாள்.

தலைக்கு மேலே உறியில் சாமை தொங்கியது.

அதைத் தினமும் அவள்தான் இறக்கினாள், அவள்தான் வேகவைத்தாள், அவள் கையால்தான் பிசைந்து கொட்டாங்குச்சியில் வைத்தாள். விரலில் ஒட்டியதைக்கூடக் கழுவிவிட்டாள். வாசனை குடலைப் பிடித்து இழுத்தது. சுண்டுவோ பாதியைத் தின்றுவிட்டு, "கறி இல்லாம இறங்க மாட்டேங்குது" என்று மீதியை விட்டுவிட்டு எழுந்து போகும். அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். கேட்கக் கூடாது. ஜாடைகூடக் காட்டக் கூடாது.

ஒரு பகல், மாயன் அழுவதை நிறுத்தினான். அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளைதான் அவளை உலுக்கிப் போட்டது. கண்ணை அரைகுறையாய்த் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கன்னத்தைத் தட்டினாள். உதடு மட்டும் அசைந்தது.

அந்த நேரத்தில் இருளாயி நனைந்துகொண்டே ஓடிவந்தாள். கையில் ஆவி பறக்கிற சட்டி.

"ஏ புள்ள, மாயன் பொழைச்சான்! மேட்டுச் சரிவுல தண்ணிக்குள்ள வரகு நின்னுச்சுல்ல, அதை அறுத்துட்டேன். கதிரோட நனைஞ்சு பூசணம் பூத்துப்போயிருந்துச்சு. வறுத்துக் குத்திக் காய்ச்சிட்டேன். நாய்களுக்கும் ஊத்தியாச்சு, நானும் ஒரு சட்டி குடிச்சிட்டேன். நீயும் குடி. முதல்ல பிள்ளைக்குப் புகட்டு."

"அக்கா..." மரிக்கொழுந்து சட்டியை வாங்கிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"அழறதை அப்புறம் அழு. ஊட்டு." இருளாயி கொட்டாவி விட்டபடி தன் குடிசைக்குப் போனாள்.

நனைந்து பூசணம் பூத்த வரகு என்ன செய்யும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மரிக்கொழுந்து கூழைத் தெளியவைத்து, பிள்ளைக்குப் புகட்டும் சங்கில் ஊற்றி, ஊதி ஆற்றினாள். மாயனை மடியில் மல்லாத்தி, தாடையை அழுத்தி வாயைத் திறந்தாள்.

"ஆத்தா, கொடுக்காத."

சுண்டு சட்டியின் விளிம்பில் மூக்கை வைத்து நின்றது. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது.

"உனக்கில்ல. போ அந்தப் பக்கம்."

"வாசனை சரியில்ல. கொடுக்காத."

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "உனக்கு எதுடா சரியா இருந்துச்சு? மீன் நாத்தம்னே. நான் தின்னேன், செத்தா போனேன்? கூழ் ஒட்டுதுன்னே. ஊரே குடிக்குது. உலகத்துல நீ வேண்டாம்னு சொல்லாதது ஒண்ணு சொல்லு பார்ப்போம்!"

"அதெல்லாம் பிடிக்கல. இது பயமா இருக்கு. அது வேற, இது வேற."

"எனக்கு எப்படிடா தெரியும்? ரெண்டுக்கும் நீ ஒரே வேண்டாம்தானே சொல்றே!"

அது உண்மைதான். நாளெல்லாம் எதற்கெடுத்தாலும் செலவழித்த ஒரு சொல், தேவைப்பட்ட நேரத்தில் செல்லாமல் போயிருந்தது.

சங்கு பிள்ளையின் உதட்டைத் தொட்டது. வாசனை பட்டதும் மாயனின் நாக்கு தானாக நீண்டது. "இதை விட்டா எனக்கு என்ன இருக்கு? எதைடா கொடுப்பேன்?" என்று கத்தினாள். கத்தும்போது, அவளையும் மீறி, கண் ஒரு நொடி உறிக்குப் போய்விட்டுத் திரும்பியது. திரும்பியதும் பாவம் செய்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுண்டு அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டது.

"ஆத்தா, ஒரு கொஞ்ச நேரம் பொறு. என்னையே பார்த்துக்கிட்டு இரு. பெரிய உடம்புல கெட்டது நடந்து போய்ச்சேர நேரமாகும். எனக்கு ஒரே எட்டுதான்."

"டேய், என்ன செய்யப்போற?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் சுண்டு சட்டிக்குள் முகத்தைவிட்டது. முகராமல், பார்க்காமல், பெரிய நாய்களைப் போல மூச்சு விடாமல் குடித்தது. பிறந்ததிலிருந்து அது அப்படிச் சாப்பிட்டதே இல்லை. வாயை நக்கிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தது.

மழை கூரையில் இரைந்தது. மரிக்கொழுந்து சங்கை உயரத் தூக்கிப் பிடித்தபடி நாயைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். மறுபடியும் நாயைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மாயனின் நாக்கு காற்றை நக்கியது. கூழ் ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லையே! பொய்யா? இன்னும் எவ்வளவு நேரம் பொறுப்பது? பிள்ளையின் கண் சொருகுகிறதே...

சங்கு கீழே இறங்கியது. அப்போது சுண்டுவின் பின்னங்கால் ஒன்று வழுக்கியது. ஊன்றிப் பார்த்தது. மறுபடி வழுக்கியது. தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நடுங்கியது.

"சுண்டு?"

"ஆ... ஆத்..." என்றது. நாக்கு குழறியது. வாயோரம் நுரை கட்டியது. இன்னொரு தடவை முயன்றபோது சொல்லுக்குப் பதிலாக ஒரு முனகல்தான் வந்தது.

சங்கு அவள் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தொட்டியைச் சுற்றி மழையில் பெரிய நாய்கள் காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தன. செவலை எழுந்திருக்கப் பார்த்து, முகம் சேற்றில் பட விழுந்தது. எதிர்க் குடிசையில் இருளாயி தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். "புள்ள, மேடு சுத்துதுடி... தண்ணிக்குள்ள போகுதாடி மேடு?" என்றபடியே சரிந்து உட்கார்ந்தாள்.

"அக்கா! உள்ள போய்ப் படு! எழுந்திரிக்காத!" என்று கத்திவிட்டு மரிக்கொழுந்து உள்ளே வந்தாள். கூழை எடுத்து மழையில் கொட்டினாள். கொட்டிய பிறகுதான் சட்டி காலி என்பதும், பிள்ளைக்குக் கொடுக்க இனி ஒன்றுமே இல்லை என்பதும் நெஞ்சில் இறங்கியது. மாயனை மார்போடு இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது.

சுண்டு வயிற்றால் தேய்ந்து தேய்ந்து தன் கொட்டாங்குச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காலையில் பிடிக்கவில்லை என்று விட்ட சாமை அதில் மீதி இருந்தது. போதை தெளியத் தின்னப் போகிறது என்றுதான் அவள் நினைத்தாள். அது தின்னவில்லை. ஒரு வாய் கவ்விக்கொண்டு திரும்பியது. பாதி வழியில் விழுந்தது. வாயிலிருந்ததைச் சிந்தாமல் எழுந்தது. அவள் காலடிக்கு வந்து, அந்த ஒரு வாய் சாமையை மெல்லத் தரையில் வைத்தது. பிறகு பின்னால் ஒரு அடி நகர்ந்து, தலையைச் சாய்த்து, அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு உறியைப் பார்த்தது. திரும்பவும் அவள் முகத்தைப் பார்த்தது.

கொடுத்துவிட்டது. கேட்காமல், ஜாடை காட்டாமல், தானாக மனம் வைத்துக் கொடுத்துவிட்டது.

மரிக்கொழுந்து எழுந்து உறியிலிருந்து கலயத்தை இறக்கினாள். புகை குடித்து மொறமொறவென்று காய்ந்திருந்தது சாமை. வேகவைத்து, குழையக் கரைத்து, வடிகட்டி, முதலில் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் பொறுத்திருந்தாள். பிறகு விரலால் மாயனின் வாயில் தடவினாள். அவன் சப்பினான். இன்னொரு விரல். இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அவள் விரலை ஈறுகளால் கடித்துப் பிடித்துக்கொண்டு, போதவில்லை என்று பெருங்குரலில் அழுதான். அந்த அழுகையைப் போல இனிமையான ஒன்றை அவள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அதுவரை சுண்டு சாப்பிடவில்லை. அவன் அழுதபிறகுதான் தரையில் கிடந்த தன் பங்கை நக்கியது. அவள் அதையும் மடியில் போட்டுக்கொண்டு, நனைத்த துணியால் வாயைத் துடைத்தபடி இருந்தாள். ஒரு தொடையில் பிள்ளை, மறு தொடையில் நாய். இரண்டு மூக்கடியிலும் மாறி மாறி விரலை வைத்துப் பார்த்தாள்.

தண்ணீர் வடியும்வரை இருளாயிக்கும் சேர்த்து அந்தச் சாமைதான் கஞ்சியாயிற்று; ஆண்கள் வந்தபோது எல்லாரும் பிழைத்திருந்தார்கள். இருளாயிக்கு மயக்கம் தெளிந்து வாயும் தெளிந்துவிட்டது. "நாய்க்கு விருந்து வைக்கிறான்னு சிரிச்சேன். அந்த விருந்துலதான்டி உன் பிள்ளையும் நானும் உட்கார்ந்திருக்கோம்" என்றாள். ஆனால் நாய்களுக்குப் போன பேச்சு போனதுதான், அவற்றின் வழியில் பிறந்த குட்டிகளுக்கும் அது வரவில்லை. செவலை என்னமோ சொல்ல வாயைத் திறந்தால் குரைப்புதான் வந்தது.

சுண்டுவுக்கும் அப்படியே. பிடிக்கவில்லை என்றும், பயமாக இருக்கிறது என்றும் சொல்ல அதற்கு இனி வார்த்தை இல்லை. அதனால் மரிக்கொழுந்து அதன் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

அன்று முதல்தான் சின்ன ஜாதி நாய்கள், எதை வைத்தாலும் முகர்ந்து பார்த்து யோசிக்கின்றன; பிடித்த சாப்பாடாகவே இருந்தாலும் தட்டிலிருந்து ஒரு வாய் மட்டும் கவ்விக்கொண்டு நாம் இருக்கும் இடம் தேடி வந்து, நம் காலடியில் வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து முகத்தைப் பார்க்கின்றன. பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்கின்றன. சாப்பிட்டான் என்று நம் முகம் சொன்ன பிறகுதான் தின்கின்றன.