பனியாற்றின் வாய்

வடக்கே, மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே, ஒரு பனியாறு முடிகிற இடத்தில் சிறிய மடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் அம்மை என்றார்கள். தென்காசிப் பக்கத்தில் பிறந்து எப்போதோ வடக்கே வந்துவிட்டவர்.

சபாநாயகம் அவருடைய சீடர். அம்மையைவிட வயதில் மூத்தவர். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தை விட்ட பிறகும் சந்தேகம் அவரை விடவில்லை. மனைவி யாரோடு போனில் பேசினாலும் யார், என்ன என்று துருவிக் கேட்பார். மருமகள் சமைத்ததை முதலில் வேறு யாராவது சாப்பிடட்டும் என்று காத்திருப்பார். மகன் தனிக்குடித்தனம் போனான். அதற்குப் பிறகுதான் அவர் மலையேறி வந்தார்.

"இந்தக் குணம் என்னை எப்போது விடும்?" என்று வந்த அன்றே கேட்டார்.

"சந்தேகம் வந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்றார் அம்மை.

மடத்தில் தண்ணீர் சுமக்கவும் கூரை செப்பனிடவும் கர்ண பகதூர் என்றொரு நேபாளி இருந்தார். தலை நரைத்தவர். ஒவ்வொரு கோடைக்கும் வருவார். முதல் பனி விழுந்ததும் ஊருக்குத் திரும்புவார். மதியச் சாப்பாடு முடிந்து வெயில் ஏறியதும் தனியாகப் பனியாற்றுப் பக்கம் போவார். பொழுது சாயும்போது விரல்களெல்லாம் சிராய்ப்போடு வருவார். சில நாள் எதையோ சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டுவார்.

எங்கே போய்வருகிறீர்கள் என்று சபாநாயகம் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். கல்லைப் பார்க்க என்று பதில் வந்தது. தினமும் ஒருவன் கல்லைப் பார்க்கப் போவானா? சபாநாயகத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

ஒரு மதியம் கர்ண பகதூர் கிளம்பிப்போனதும் சபாநாயகம் அந்தச் சாக்கை அவிழ்த்தார். உள்ளே பழைய தோல் பூட்ஸ் ஒன்று இருந்தது. ஒற்றைக் காலுக்கானது. முனை அறுந்த கயிறு. துருப்பிடித்த கொக்கி. சிவப்புத் துணியில் சுற்றி வைத்த ஒரு சிறிய எலும்பு.

சாக்கோடு அம்மையிடம் போனார்.

"இந்த பூட்ஸ் அவர் காலுக்குச் சேராது. இது மனித விரல் எலும்பு. சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன்" என்றார்.

அம்மை எலும்பைப் பார்த்தார். முகம் மாறவில்லை. அது சபாநாயகத்துக்கு அடுத்த சந்தேகத்தைக் கொடுத்தது.

"உங்களுக்கு முன்பே தெரியும்."

"தெரியும்."

"தெரிந்தும் இங்கே வைத்திருக்கிறீர்கள்."

"ஆமாம்."

நாளைக்குக் கோவேறு கழுதைக்காரன் கீழே இறங்குகிறான், அவனிடம் போலீஸுக்குத் தகவல் சொல்லி அனுப்பப்போகிறேன் என்றார் சபாநாயகம். அம்மை தடுக்கவில்லை. சாக்கை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஒரு தடவை தன்னோடு வரச் சொன்னார்.

இருவரும் ஒரு நீளமான கல்மேட்டின் மீது நடந்தார்கள். மாடு அளவுப் பாறை, கூழாங்கல், மாவுபோன்ற மண் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. இதை யார் கொட்டியது என்று கேட்டார் சபாநாயகம். பனி என்றார் அம்மை. தண்ணீர் ஓடும் ஆறு பெரிய கல்லை ஓரிடத்திலும் மணலை ஓரிடத்திலும் பிரித்துப் போடும், பனியாற்றுக்கு அந்த வழக்கம் கிடையாது, தன்மேல் விழுந்ததையும் தான் பெயர்த்ததையும் சுமந்து வந்து உருகும் இடத்தில் மொத்தமாகப் போட்டுவிடும் என்றார்.

சபாநாயகம் நம்பவில்லை.

பனியாற்றின் வாய் வந்தது. அழுக்கேறிய பனிச்சுவர். அடியிலிருந்து பால்போலக் கலங்கிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மை ஒரு பாறையில் உட்கார்ந்தார். அவரும் உட்கார்ந்தார். வெயில் உறைத்தது. வெகுநேரம் கழித்துச் சுவரின் மேலிருந்து ஒரு கல் நழுவி விழுந்தது. அவர்கள் அருகே உருண்டு வந்து நின்றது.

சபாநாயகம் அதைக் கையில் எடுத்தார். கருங்கல். சுற்றிலும் பார்த்தார். இரண்டு பக்கத்து மலைகளும் வெளுத்த பாறை. வெகுதூரத்தில், பனியாறு தொடங்கும் இடத்தில், ஒரே ஒரு சிகரம் மட்டும் கறுப்பாக நின்றது.

"அங்கிருந்தா?"

"அங்கிருந்துதான்."

"இந்தப் பனி அசையவே இல்லையே."

"நம் கண்ணுக்கு அசையவில்லை."

"இது வந்துசேர எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?"

"ஒரு வாலிபன் கிழவனாகிற காலம்."

சபாநாயகம் கல்லைக் கீழே வைக்கவில்லை. சிகரத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். பனிச்சுவரின் அடியில், புதிதாக விழுந்த கற்களுக்கு நடுவே, கர்ண பகதூர் குனிந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டிய இடத்தைக் கையால் துழாவினார். அடுத்த கல்லுக்குப் போனார்.

"யாரைத் தேடுகிறார்?" சபாநாயகத்தின் குரல் இறங்கியிருந்தது.

அம்மை சொன்னார். அந்தக் கறுப்புச் சிகரத்தில் ஏற வந்தவர்களுக்கு அண்ணனும் தம்பியும் சுமை தூக்கப் போனார்கள். பனி வெடிப்பில் அண்ணன் விழுந்தான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தம்பி கர்ண பகதூர். கயிறு அறுந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியவரைப் பார்த்து, தம்பிதான் கயிற்றை அறுத்தான் என்று பேசியவர்களும் உண்டு. அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. போன கோடையில்தான் அந்தக் கயிறு பனியிலிருந்து வெளியே வந்தது. அதன் முனை கத்தி பட்டதுபோல இல்லை, இழுபட்டுப் பிரிபிரியாக இருந்தது.

சபாநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முனையை அவரும் கையில் பிடித்துப் பார்த்திருந்தார்.

"கயிறு கிடைத்துவிட்டதே. ஊரில் காட்டலாமே."

"நானும் சொன்னேன். ஊருக்குக் காட்ட வரவில்லை, அண்ணனை எடுத்துப்போக வந்தேன் என்றார்."

கீழே கர்ண பகதூர் ஒரு பாறையைத் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

சபாநாயகம் எழுந்தார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"அவரிடம் நான் என்ன சொல்லட்டும், அம்மை?"

"எதுவும் சொல்ல வேண்டாம். அந்தப் பாறைக்கு இரண்டு பேர் வேண்டும்."