தாலி கட்டும் நேரத்தில் நாலு கட்டம்

தென்காசியில் ஞானப்பிரகாசம் அண்ணாச்சியின் வீடியோ கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைதான் சுவர். அவர் விடுகிற புளுகு முழுக்க என் காதில்தான் வந்து விழும்.

அன்றைக்கு முப்பிடாதி தன் கல்யாண சிடியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கேசட்டிலிருந்து அண்ணாச்சி மாற்றிக் கொடுத்தது. தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. குவைத்தில் இருக்கிற தம்பிக்கு லீவு கிடைக்காததால் அவன் கல்யாணத்துக்கு வரவில்லை. அத்தான் முகத்தைப் பார்த்ததே இல்லை. சிடியைக் கொண்டுபோகிற ஆள் சாயங்காலம் கிளம்புகிறார். எனக்குப் பாவமாக இருந்தது.

“அரை மணி நேரம் உக்காரு தங்கச்சி. அந்த இடத்தை மட்டும் வேற போட்டுத் தாரேன்” என்று அண்ணாச்சி அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை உருவி ஓடவிட்டார். மானிட்டர் அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போன வருசம் ஒரு கோர்ட்டுப் படம் மாத்தினேன். எம்புட்டுத் தெளிவுன்னா, ஜட்ஜ் மேசையில இருக்க ஃபைலைப் படிக்கலாம். படத்துல வார வக்கீலே படிச்சிட்டாரு. இடைவேளைக்கு முன்னாடியே ஹீரோ விடுதலை. ரெண்டாவது சிடிக்கு வேலையே இல்லாமப் போச்சு.”

“அப்ப க்ளைமாக்ஸ் சண்டை?” என்றேன் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து.

“அதான் விட்டுட்டாங்களேய்யா, பெறகு என்னத்துக்குச் சண்டை?”

முப்பிடாதி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“கடையநல்லூர்ல ஒரு கல்யாணம். எட்டு வருசத்துக்கு முந்தின கேசட்டு. நான் மாத்தின சிடியில, பாயசத்துல ஈ கெடக்கது தெரிஞ்சுபோச்சு. பந்தியில சாப்பிட்ட பதினோரு பேரை வாந்தின்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க.”

“எட்டு வருசம் கழிச்சா?”

“அதுவரைக்கும் தெரியலையே தங்கச்சி.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி கட்டம் விழுந்துச்சு?”

“கம்ப்யூட்டரு அவசரப்பட்டா விழும். நானே ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுத்துருவேன். உள்ள மூணு சாக்குக் கட்டம் கெடக்கு. ஜோசியரு வந்து ஜாதகம் எழுதப் பன்னெண்டு பன்னெண்டா வாங்கிட்டுப் போறாரு.”

புது சிடி தயாரானது. மானிட்டரைத் திருப்பி வைத்தார். பொய் சொல்லக்கூடாது, படம் அவ்வளவு சுத்தம். மாப்பிள்ளையின் மீசை முடியை எண்ணிவிடலாம். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

முப்பிடாதி மானிட்டருக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள்.

“படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு அண்ணாச்சி? பக்கத்துல நானும் இல்லையே.”

அவர் கேசட்டை வெளியே எடுத்து, மேலே ஒட்டியிருந்த பெயரைப் படித்தார். திரும்ப உள்ளே தள்ளினார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“கட்டத்தை எடுத்தா, பின்னாடி இருக்க ஆளு வெளிய வரத்தான் செய்வாங்க.”

அவள் பழைய சிடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இதையே குடுத்து விடுதேன். நாலு கட்டமா இருந்தாலும் இது எங்க வீட்டுக்காரரு.”