சாமந்தியைக் கிள்ளிய கொண்டைக்குருவிகள்

மலைகள் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்த காலம் அது. அப்போது மேகமங்கலம் என்றொரு நாடு. அதை வெண்கோடன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

நல்லவன்தான். ஆனால் அரசி இறந்ததிலிருந்து அவனுக்குச் சிரிப்பு மறந்துபோயிருந்தது. அவளுக்குப் பிடித்த மஞ்சள் சாமந்தியைத் தோட்டம் நிறைய நடச்செய்தான். தினமும் விடியலில் மாடத்தில் வந்து நிற்பான். பனி மெல்ல விலகும், மஞ்சள் தெரியும், பெருமூச்சு விடுவான். அவன் நாள் அப்படித்தான் தொடங்கும்.

ஒரு மார்கழியில் கொண்டைக்குருவிகள் வந்தன. வேலியோரம் சிவப்பு அரளி இருந்தது, வெள்ளை நந்தியாவட்டை இருந்தது. அவற்றைத் தொடவே இல்லை. மஞ்சள் சாமந்தியை மட்டும் இதழ் இதழாகக் கிள்ளின. தின்றனவா? இல்லை. கூடு கட்டக் கொண்டுபோயினவா? அதுவும் இல்லை. கிள்ளின, கீழே போட்டன, பறந்தன.

அரசனுக்கு நெஞ்சு கொதித்தது. அரசியையே கிள்ளியதுபோல் இருந்தது அவனுக்கு. பறவைகளைப் பிடித்துக் கொல்ல வலைக்காரர்களை வரவழைத்து வாசலில் நிறுத்தினான்.

ஆனால் மேகமங்கலத்தில் ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். எறும்பே ஆனாலும், அது குற்றம் செய்த காரணம் இன்னதென்று சபையில் சொல்லாமல் தண்டிக்கக் கூடாது. அருகிலிருந்து பார்த்த ஒருவர் அந்தக் காரணத்துக்கு ஆமென்று தலையாட்டவும் வேண்டும்.

காரணம் சொல்லவா ஆள் இல்லை! பகையரசன் பழக்கி அனுப்பிய பறவைகள் என்றார் படைத்தலைவர். அவருக்குப் பார்க்கும் இடமெல்லாம் பகைவர்தான். சனியின் பார்வை மஞ்சள்மேல் விழுந்துவிட்டது, அதுதான் பறவைகளை ஏவுகிறது என்றார் சோதிடர். அரசியின் அழகின்மேல் பறவைகளுக்குப் பொறாமை என்றார் புலவர். சொல்லிவிட்டுத் தாமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூவரில் ஒருவரும் தோட்டத்துக்குள் கால் வைத்தவரில்லை.

அருகிலிருந்து பார்த்தவள் தோட்டக்காரி பூவாயி மட்டும்தான். இருபது வருடமாகத் தோட்டத்து மூலையில் ஒரு குடிசையில் இருந்தாள். வேறு வீடோ உறவோ அவளுக்குக் கிடையாது. மூன்று காரணத்தில் எதற்குத் தலையாட்டினாலும் குடிசை அவளுக்கே சொந்தம், ஆட்டாவிட்டால் மறுநாள் விடிந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அரசன் சொல்லிவிட்டான்.

பகைவன் அனுப்பியதா என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். சனியின் வேலையா என்றார்கள். தெரியாது என்றாள். பொறாமையா என்றார்கள். அதுவும் தெரியாது என்றாள்.

"இருபது வருடம் இருந்தும் தெரியாதா?" என்றான் அரசன்.

"பார்த்ததைச் சொல்றேன் சாமி. விடிஞ்சதும் வருதுங்க. புதுசா விரிஞ்ச பூவாப் பார்த்துக் கிள்ளுதுங்க. அதுங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி தலையாட்டினா என் குடிசை நிலைக்கும், அதுங்க உசுரு போயிடும்."

சபை கலைந்தது. பூவாயி போய்த் தன் துணிகளை மூட்டை கட்டினாள். அழுதாள், பாவம். அழாமல் இருக்க அவள் என்ன கல்லா?

மறுநாள் விடியலில் அரசன் மாடத்துக்குப் போகவில்லை. அவள் பார்த்தது என்னதான் என்று பார்க்கத் தோட்டத்துக்கே இறங்கி வந்து, சாமந்திகளுக்கு நடுவே ஈரமண்ணில் உட்கார்ந்தான். பனிக்குள்ளிருந்து பறவைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து, தலையைச் சாய்த்து, ஓர் இதழைக் கிள்ளி அவன் மடியில் போட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

அரசன் மூச்சுவிடவும் மறந்து பார்த்தான். அரசியும் இப்படித்தான். பேசிக்கொண்டே சாமந்தி இதழைக் கிள்ளிக் கிள்ளி அவன் மடியில் போடுவாள். ஏன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே அவளை நேசித்தான். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

எழுந்து கோட்டை வாசலுக்கு ஓடினான். மூட்டையோடு பூவாயி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"பூவாயி, நானும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். எனக்கும் தெரியவில்லை. உள்ளே வா" என்றான்.

அவள் உள்ளே வந்தாள். வலைக்காரர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆகவே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிந்தவரிடம்தான் பிற உயிர்கள் பத்திரமாக இருக்கும்.