முதல் மண்வெட்டி

ஆறு கடலில் சேரும் இடத்தில் அரசாயி அம்மையின் குடில் இருந்தது. அவருடைய சீடர் மாசிலாமணி அவரைவிட மிகவும் மூத்தவர். வீட்டைத் துறந்து வந்துவிட்டாரே தவிர, தம்பி மேல் இருந்த கோபத்தை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

அன்று காலை ஆள் வந்து சொன்னான், தம்பி படுத்த படுக்கையாகிவிட்டானாம். இனித் தேறுவது கஷ்டமாம்.

"போய்ப் பாக்கலையா ஐயா?" என்று அம்மை கேட்டார்.

"தப்பு அவன் மேல, அம்மா. அப்பா செத்த அன்னிக்கே என்னை வெளிய போன்னு சொன்னவன். அவன்தானே முதல்ல கூப்பிடணும்?"

"ஆத்து வாய் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று அம்மை எழுந்தார்.

மழையில் ஆறு தளும்பி நின்றது. வெளியே போகத்தான் வழியில்லை. கோடை முழுக்கக் கடல் ஒதுக்கிய மணல் ஆற்றின் வாயை அடைத்துக் கிடந்தது. முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டிய மடவை மீன்கள் மணலோரம் முட்டி முட்டித் திரும்பின. நாரைகளுக்குக் கொண்டாட்டம். நின்ற இடத்திலேயே சாப்பாடு.

ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு சும்மா நின்றார்கள்.

"ஏன் நிக்கிறீங்க?" என்றார் மாசிலாமணி.

"செல்லக்கிளி வரணும் சாமி. அவ வயல்லதான் தண்ணி ஏறியிருக்கு. யாரு வயல் முங்குதோ அவங்கதான் முதல் மண்வெட்டி போடணும். இங்க அதுதான் வழக்கம்."

செல்லக்கிளி இடுப்பு வரை சேறோடு வந்து சேர்ந்தாள். மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"மணலைக் கொண்டாந்து போட்டது கடல்தானேம்மா? நீ எதுக்கு வெட்டணும்?"

அவள் சிரித்துவிட்டாள். "கடல்கிட்ட நியாயம் கேட்டுக்கிட்டு நின்னா நாத்து அழுகிப்போகும் சாமி."

குனிந்து ஒரு வெட்டு வெட்டினாள். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். அவர்கள் வெட்டியது சின்ன வாய்க்கால்தான். மிச்ச மணலை ஆறே அறுத்துக்கொண்டு போனது. மடவைகள் அந்த வழியே பாய்ந்தன.

"அடுத்து கடல் தண்ணி ஏறும்போது அதோட இறால் குஞ்சு உள்ள வந்துரும்" என்றாள் செல்லக்கிளி. "பாவம், அதுவும் அந்தப் பக்கம் வழி தேடிக்கிட்டுத்தான் கிடந்திருக்கும்."

மாசிலாமணி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

அம்மை அருகில் வந்தார். "ஐயா, உங்க வயல்ல எவ்வளவு தண்ணி ஏறியிருக்கு?"

"கழுத்து வரைக்கும், அம்மா."

"அப்போ வாங்க, கஞ்சி குடிச்சிட்டுக் கிளம்புங்க. வெறும் வயித்தோட மண்ணு வெட்ட முடியாது."