பேச்சித்தாய்க்குக் கொடுத்த வாக்கு

ஊருக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஒன்று இருந்துவிட்டால் நோய்க்குப் பயமில்லை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதைக்கு விடை சொல்லட்டும்.

செங்கரை சுகாதார நிலைய மருத்துவர் பொற்கொடி, கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். கோடை வந்தால் ஆலங்காட்டிலிருந்து வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அந்த ஊரில் பிள்ளைக்கு வயிற்றால் போனால் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். ஊற்ற ஊற்றத்தானே போகிறது என்பது அவர்கள் நியாயம். ஈரத்துணியால் உதட்டை நனைப்பதோடு சரி. பொற்கொடிக்கு இது தெரியும். ஆனால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். சலைன் ஏற்றுவார், பிள்ளை கண் திறக்கும், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பேச்சித்தாயின் மகனையும் போன கோடையில் அப்படித்தான் பிழைக்கவைத்து அனுப்பினார்.

இந்தக் கோடையில் அவனைத் தூக்கிவந்தபோது உயிர் இல்லை. தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானே என்று பொற்கொடி வாய் தவறிச் சொல்லிவிட்டார். பேச்சித்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி தண்ணின்னு கேட்டான் டாக்டரம்மா. நாந்தான் குடுக்கல. என்னாலதான் பிள்ள போச்சுன்னு ஊருல சொல்லிராதீக. அவுக வீட்ல என்னைய வச்சிருக்க மாட்டாக."

"சொல்ல மாட்டேன்மா," என்றார் பொற்கொடி. பக்கத்தில் நின்ற செவிலியர் ரெஜினாவும் அதைக் கேட்டார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் மனம் பொறுக்காமல் பொற்கொடி ஆலங்காட்டுக்குப் போனார். பெண்களைக் கூட்டி, வயிற்றால் போனால் தண்ணீர் கொடுங்கள் என்றார். ஒருத்தி சிரித்தாள்.

"எங்களயெல்லாம் அப்படித்தான் வளத்தாக. செத்தா போயிட்டோம்?"

பேச்சித்தாயின் மகன் எதனால் செத்தான் என்று சொன்னால் போதும். கூட்டத்தின் ஓரத்தில் பேச்சித்தாய் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பொற்கொடி அதைச் சொல்லாமலே திரும்பினார்.

கொஞ்ச நாளில் சிரித்தவளின் மகளுக்கே வயிற்றால் போனது. ஊருக்கு வந்திருந்த ரெஜினா உப்பு சர்க்கரைக் கரைசலை நீட்ட, அவள் தட்டிவிட்டாள்.

"பேச்சித்தாயும் இப்படித்தான் தண்ணி குடுக்காமப் பிள்ளையப் பறிகுடுத்தா," என்று ரெஜினா போட்டு உடைத்துவிட்டார்.

அவள் கரைசலை வாங்கி மகளுக்குப் புகட்டினாள். பிள்ளை பிழைத்தது. பெற்றதைக் கொன்றவள் என்று சொல்லி, பேச்சித்தாயைப் புருஷன் வீட்டார் துரத்திவிட்டார்கள்.

பிள்ளைகள் சாகக்கூடும் என்று தெரிந்தும் வாக்கைக் காத்தவர் பொற்கொடி. ஒரு பெண்ணின் வாழ்வு போகும் என்று தெரிந்தும் அந்த வாக்கை உடைத்தவர் ரெஜினா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: இருவரில் ரெஜினா செய்ததே மேல், உயிருக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் வாக்கும் உடையாமல், பிள்ளைகளும் சாகாமல் ஒரு வழி இருந்தது. "தண்ணி குடுக்கணும்னு போன கோடையிலேயே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அந்தப் பிள்ள என்னாலதான் போச்சு" என்று பொற்கொடி அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். ஊர் அவரை ஏசியிருக்கும், பேச்சித்தாயை விட்டிருக்கும். அது பொய்யும் இல்லை. பின்னால் ஒருநாள் அவர் ஆலங்காட்டுக்குப் போய் அதைச் சொல்லத்தான் செய்தார். கேட்க வேண்டியவள் அப்போது அந்த ஊரில் இல்லை.