கீழைத்துறை முரசு

மலைநாட்டில் எல்லைச் செய்தியைத் தலைநகருக்குக் கொண்டு சேர்ப்பவை முரசுகள். ஒரு குன்றின் காவற்கோபுரத்தில் எழும் முழக்கத்தை அடுத்த குன்றின் காவலர் கேட்டுத் தம் முரசை அடிப்பர். பகை வந்து சேரும் முன்னரே எல்லையூர் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவார்கள்.

அந்தக் கோபுரங்களுக்கெல்லாம் தலைவன் எயினன். ஒருநாள் காலையில் அவன் இரண்டு முரசுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தன் ஆசான் விடங்கரிடம் வந்தான். ஒன்று மலைநாட்டுப் பழைய முரசு. மற்றொன்று கடலோரத்துக் கீழைத்துறை நாட்டார் செய்தது.

“நாளை அரசவை கூடுகிறது, ஆசானே. எல்லாக் கோபுரங்களிலும் கீழைத்துறை முரசை ஏற்றலாமா என்று முடிவெடுக்கிறார்கள். என் சொல்லே கடைசிச் சொல்.”

“பிறகு என்னிடம் ஏன் வந்தாய்?”

“என் தங்கை எல்லையூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.”

விடங்கர் தலையசைத்தார். “அடித்துக் காட்டு.”

எயினன் பழைய முரசை அடித்தான். அதன் ஓசை எதிரிலிருந்த தோப்பைத் தாண்டித் தேய்ந்தது. புதிய முரசை அடித்தான். மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலைநிமிர்ந்தன.

“நல்ல முரசு,” என்றார் விடங்கர்.

“விலையும் குறைவு, ஆசானே. நம் முரசின் ஓசை அடுத்த குன்றுக்குத் தெளிவாக எட்டுவதில்லை; குன்றுகளின் நடுவே இன்னும் கோபுரங்கள் கட்ட வேண்டும். இதற்கு வேண்டாம்.”

“சோதித்தாயா?”

“ஒன்றைப் பிளந்தே பார்த்தேன். உள்ளே விளக்கைப் பிடித்தும் பார்த்தேன். ஓட்டையில்லை, ஒளித்துவைத்த பொருளில்லை. கோடை முழுவதும் அடித்தோம். ஒருமுறைகூடப் பிசகவில்லை.”

“உன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நீ இவ்வளவு பார்க்கவில்லை.”

எயினன் சிரித்தான். விடங்கர் எழுந்துபோய்க் குடத்தை எடுத்துவந்து, இரண்டு முரசுகளின் மேலும் நீரைக் கவிழ்த்தார்.

“ஆசானே!”

“உன் கோபுரத்தில் மழை பெய்யாதோ?”

தோலும் வாரும் நீரைக் குடிக்கும்வரை இருவரும் காத்திருந்தனர்.

“இப்போது அடி.”

இரண்டும் நனைந்த மூட்டையைத் தட்டினாற்போல ஒலித்தன.

“இந்த ஓசைக்கு உன் தங்கை விழித்திருக்கமாட்டாள்,” என்றார் விடங்கர்.

எயினனின் சிரிப்பு அடங்கியது. வண்டியிலிருந்த வைக்கோலைக் குவித்துக் கொளுத்தினான். பழைய முரசைத் தீயின் முன் திருப்பித் திருப்பிக் காய்ச்சினான், தளர்ந்த வாரை முழங்காலால் அழுத்தி இழுத்துக் கட்டினான், அடித்தான். ஓசை தோப்பைத் தாண்டியது.

“இனி அதை.”

எயினன் தீயைப் பார்த்தான். புதிய முரசைப் பார்த்தான். அசையவில்லை.

“இதைத் தீயில் காட்டக் கூடாது, ஆசானே. தோலில் ஏதோ பூசியிருக்கிறார்கள். உருகிவிடும்.”

“வாரையாவது இழுத்துக் கட்டு.”

“அந்த முடிச்சு நமக்குத் தெரியாது. நாம் அவிழ்க்கவும் கூடாதென்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அமாவாசைதோறும் அவர்களுடைய ஆளே கோபுரத்தில் ஏறிக் கட்டிவிட்டுப் போவான்.”

“நீ உன் மைத்துனனைக்கூடக் கோபுரத்தில் ஏறவிடமாட்டாயே?”

“காவலர் அல்லாதவர் ஏறக் கூடாதென்பது கட்டளை.” எயினனின் குரல் தாழ்ந்தது. “இவன் முரசைப் பார்க்க வருகிறவன்தானே?”

“கண்ணைக் கட்டிக்கொண்டா வருவான்?”

எயினன் புதிய முரசின் முடிச்சைத் தடவிப் பார்த்தான்.

“கீழைத்துறையார் நம் நண்பர்கள், ஆசானே. ஒருநாளும் நம்மை வஞ்சித்ததில்லை.”

“நானும் அப்படிக் கேள்விப்பட்டதில்லை. இந்த முரசு எவ்வளவு காலம் உழைக்கும்?”

“நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை உழைக்கும் என்கிறார்கள்.”

“நட்புக்கும் அப்படிச் சொன்னார்களா?”

வைக்கோல் தீ தணியத் தொடங்கியது. எயினன் ஒரு குச்சியால் அதைக் கிளறினான்.

“நம் முரசையே வைத்துக்கொண்டால் கோபுரங்களைக் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும்.”

“ஆகும்.”

“அதுவரை?”

“அடுத்த குன்றிலிருப்பவன் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கட்டும்.”

எயினன் முரசுகளை வண்டியில் ஏற்றினான். பழைய முரசின் சூடு இன்னும் ஆறவில்லை. மாடுகளைப் பூட்டியபின் திரும்பி வந்து நின்றான்.

“அரசர் சுற்றிவளைத்துப் பேசமாட்டார். ‘பகை வரும் நாளில் இந்தக் கீழைத்துறை முரசு முழங்குமா?’ என்று ஒன்றே ஒன்று கேட்பார். நான் என்ன விடை சொல்வது?”

விடங்கர் எஞ்சியிருந்த தணலில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

“அதை என்னிடம் கேட்டு என்ன பயன், எயினா? வார் கட்டுகிறவனைக் கேள். அமாவாசைக்கு வருவான் அல்லவா?”