துண்டுக்கு அடியில் விலை பேசிய காடு

ரொம்பக் காலத்துக்கு முன்னே ஏழிலைக்கோட்டையைப் பூபதிராயன் என்றொரு ராஜா ஆண்டான். நினைத்தால் யானையைப் பரிசாகக் கொடுப்பான், நினைத்தால் சவுக்கடி கொடுப்பான். நகரத்துக்கு நட்டநடுவே ஒரு காடு. கோட்டையை விட மூத்தது. அவன் பாட்டனுக்குப் பாட்டன் ஊரைக் கட்டும்போது ஒரு இலுப்பையைக்கூடத் தொடாமல் தெருவைத்தான் வளைத்தான். கிளையெல்லாம் பழந்தின்னி வௌவால், பொந்துக்குப் பொந்து ஆந்தை, மரநாய், உச்சியில் மாங்குயில்.

அந்தக் குயில் கூவினால் ராணி சாளரத்துக்கு ஓடி வருவாள். ராணி கண்மூடி ஒரு வருஷம் ஆயிற்று. குயில் மட்டும் நிறுத்தவில்லை. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"வெட்டித் தள்ளுங்கள் அந்தக் காட்டை!"

பிரதானி நாகையப்பர் முந்திக்கொண்டார். "நாளைக்கே கோடரி விழும் பிரபு! எல்லாம் தங்கள் மனநிம்மதிக்காகத்தான்."

அப்போது சபைக்குள் புகுந்தான் மாட்டுத் தரகன் கொம்பையா. தாய் தகப்பன் இல்லாமல், அந்தக் காட்டு நாவல்பழத்தைத் தின்றே வளர்ந்த கோபக்காரன்.

"இதென்ன அநியாயம் மகாராஜா? காடு வேண்டாம்னா என்கிட்ட விலை பேசுங்க. ஆனா சந்தை வழக்கப்படிதான். ரெண்டு பேர் கையையும் துண்டால மூடி, உள்ளே விரலாலதான் விலை பேசணும்."

"பேசு. விலை படியாவிட்டால் முதல் கோடரியை நீதான் போட வேண்டும்" என்றான் ராஜா.

"சரிங்க. வெட்டப் போறவர் ஐயாதானே? முதல்ல அவர் கை."

நாகையப்பர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையை நீட்டினார். துண்டு விழுந்ததும் கொம்பையா அவர் காதில் கிசுகிசுத்தான்: "நமக்குள்ள எதுக்கு ஐயா சண்டை? நீங்க கட்டுற புது மாளிகைக்கு எத்தனை தூணு? விரலைக் காட்டுங்க, நல்ல மரமா நானே பொறுக்கித் தரேன்."

துண்டுதான் மூடியிருக்கிறதே! பிரதானி இரண்டாவது கையையும் உள்ளே விட்டுப் பத்து விரலையும் விரித்தார். கொம்பையா துண்டை உருவினான்.

"பத்துத் தூணு மகாராஜா! உங்க மனநிம்மதி இவர் வீட்டைத் தாங்கப் போகுது!"

"அடப்பாவி, துண்டை எடுக்கலாமா? ரகசியமாச்சேடா!" என்று கத்தினார் நாகையப்பர். சபை சிரிப்பில் குலுங்கியது.

"சந்தையில எடுத்திருந்தா என் கையை முறிச்சிருப்பாங்க. தப்புதான்" என்றான் கொம்பையா.

"நாகையப்பரே, தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போம்" என்றான் ராஜா. பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனாலும் காடு விழத்தான் வேணும் கொம்பையா. அந்தக் குரலை என்னால் கேட்க முடியவில்லை."

"அப்ப உங்க கையைக் கொடுங்க."

துண்டு விழுந்தது. கொம்பையா விலை ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பிடித்திருந்தான். காட்டுப் பக்கம் மாங்குயில் கூவியது. ராஜாவின் விரல்கள் அவன் கையை இறுக்கிக்கொண்டன.

"விக்கிறவன் கை தளரும் மகாராஜா. பிரிய மனசில்லாதவன் கைதான் இப்படி இறுகும். குயிலும் போயிட்டா, ராணியம்மா எதைக் கேட்டுச் சாளரத்துக்கு வருவாங்க?"

ராஜாவின் கண் நிறைந்தது.

"காடு இருக்கட்டும். இனி அதற்குக் காவல் நீ. வேறென்ன வேணும், கேள்."

"கையை விட்டாப் போதும். விரல் மரத்துப்போச்சு."

"கொஞ்சம் பொறு, துண்டை எடுக்காதே" என்றான் ராஜா. "இன்னொரு தரம் கூவட்டும்."